பாதியில் நின்ற பல் பாடம்

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமண மரபில் தோன்றிய பெருந்தகை. ஒவ்வோர் எழுத்தும் வாயில் எவ்விடத்தே பிறக்கிறது என்பதை அவர் அந்நூலின் எழுத்தியலில் வகுத்துக் காட்டியுள்ளார். மேல்வாய்ப் பல்லின் அடியை நாவின் நுனி பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல் கீழிதழைப் பொருந்த வகரம் பிறக்கும். இந்நூற்பாக்களை நாம் 38 ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தினோம். பல் இல்லாதார் வாயில் இவ்வெழுத்துகள் என்னவாகும் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

நமக்கு 66 வயதானபோது மேல் வரிசை முன்பற்கள் இரண்டு ஆடி விழுந்தன. அதன்பின் ஒரு திருவிழா நாளில், எங்கள் ஊர் ஜிநாலயத்தில் பெண்கள் கூட்டத்தின் நடுவே வழக்கம்போல் நூல் படிக்க அமர்ந்தோம். 'அரஹந்தர்' என்றும் 'சித்தர்' என்றும் சொல்ல வாயெடுத்தால் தகரம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. முன் வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி சிரித்துவிட்டாள். அவள் தாய் அவளை அதட்டினார். குழந்தையின் மீது பிழையில்லை. நாம் நூலை மூடிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தோம்.

அடுத்த வாரம் பல் மருத்துவரிடம் சென்றபோது அவர் கேட்ட முதற் கேள்வி இது: "அம்மா, காலையில் தவறாமல் பல் துலக்குகிறீர்கள், சரி. இரவு உணவுக்குப் பின்?" நாம் விடை கூறவில்லை. அறுபதாண்டுகளுக்கு மேலாக ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. அதைவிட வருத்தம் தந்தது மற்றொன்று. காலை வணக்கக் கூட்டத்தில் நகம், தலைமுடி, பல் மூன்றையும் பார்வையிட்டு, "காலையில் எழுந்தவுடன் பல் துலக்க வேண்டும்" என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த நாம், பாடத்தின் மறுபாதியைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அக்கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் விதி. ஆதலின் தெரிந்த செய்தியிலிருந்து தொடங்குவோம்.

பல்லின் அமைப்பு

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாவது மாதத்தில் முதற்பல் முளைக்கிறது. மூன்று வயதிற்குள் 20 பால் பற்களும் முளைத்துவிடும். ஆறு வயதளவில் நிலைத்த பற்கள் தோன்றத் தொடங்குகின்றன. ஞானப் பற்களையும் சேர்த்து அவை 32. வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதியிலும் வெட்டுப் பற்கள் 2, கோரைப் பல் 1, முன்கடைவாய்ப் பற்கள் 2, கடைவாய்ப் பற்கள் 3 ஆக எட்டுப் பற்கள் இருக்கும்.

பல்லின் மேலுறை எனாமல் எனப்படும். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுவே. எலும்பு முறிந்தால் கூடும்; தோல் கிழிந்தால் வளரும். எனாமலோ ஒருமுறை குழிந்து போனால் மீண்டும் வளராது. அதனுள் டென்டைன் என்னும் படிவமும், அதற்கும் உள்ளே நரம்பும் குருதி நாளங்களும் கொண்ட பற்கூழும் உள்ளன. சொத்தை மேலுறையில் இருக்கும் வரை வலி தெரிவதில்லை; பற்கூழை நெருங்கிய பின்னரே வலிக்கிறது. வலி வந்தபின் மருத்துவரை நாடலாம் என்று காத்திருப்பவர் காலங்கடந்து செல்பவரே ஆவார்.

கேடு வருமாறு

பல்லைத் துலக்கிய சிறிது நேரத்திலேயே அதன்மேல் கண்ணுக்குப் புலனாகாத ஒரு மெல்லிய படலம் படியத் தொடங்குகிறது. நாவினால் தடவிப் பார்த்தால் மாலையில் அது வழவழப்பாகத் தெரியும். இப்படலத்தில் நுண்ணுயிர்கள் கூட்டமாக வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் சிறிது சிறிதாக அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தை ஓரளவு திரும்பத் தருகிறது. பகல் முழுவதும் வாயில் இப்போராட்டம் நடைபெறுகிறது.

ஆகவே எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதைக் காட்டிலும் எத்தனை முறை உண்டோம் என்பதே பல்லுக்கு முக்கியம். உணவோடு சேர்த்து ஒரு முறை உண்ணும் அதிரசத்தைவிட, மணிக்கொரு தரம் வாயில் இடும் மிட்டாய் மிகுந்த தீங்கு செய்யும்.

துலக்காது விட்ட படலம், உமிழ்நீரில் உள்ள சுண்ணச் சத்தோடு சேர்ந்து சில நாள்களில் இறுகிக் காரையாகிறது. காரை படிந்தபின் எவ்வகைத் துலக்கியாலும் அதனைப் பெயர்க்க இயலாது. மருத்துவர்தான் நீக்க வேண்டும். படலமும் காரையும் உறுத்துவதால் ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது குருதி கசியும். இது முதல் நிலை. இந்நிலையில் வாயைச் செம்மையாகப் பேணினால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பேணாவிடின் பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரையும்; பல் ஆடும்; பின் விழும். கரைந்த எலும்பு தானாகத் திரும்புவதில்லை.

இங்கே நாம் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். ஈற்றில் குருதி கண்டதும், அவ்விடம் புண்ணாகிவிட்டது என்று அஞ்சி அங்கே துலக்குவதை நிறுத்திவிட்டோம். உப்பு நீரால் கொப்பளித்துவிட்டு அமைதி கொண்டோம். செய்ய வேண்டியதோ இதற்கு நேர்மாறானது. குருதி கசியும் இடத்தில்தான் படலம் மிகுதியாக இருக்கிறது. அங்கே மென்மையாகவும் தவறாமலும் துலக்க வேண்டும். ஓரிரு வாரத்தில் நிற்காவிடின் மருத்துவரைக் காண வேண்டும்.

மாலை உணவும் பல் துலக்கலும்

இனி நம் இல்லங்களுக்கே உரிய செய்திக்கு வருவோம். கதிரவன் மறைவதற்கு முன் உண்டு முடிப்பது சாவகர் ஒழுக்கம். நம் மாவட்டங்களில் கதிரவன் மறையும் நேரம் பருவத்திற்கேற்ப மாலை ஐந்தே முக்காலை ஒட்டியும் ஆறரைக்குப் பின்னும் அமைகிறது. அதற்குமுன் உண்டு முடிப்பவர் மறுநாள் காலை ஆறு மணி வரை ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் எதுவும் உண்பதில்லை. அத்தனை நேரமும் புதிய சர்க்கரை எதுவும் பல்லைத் தீண்டுவதில்லை. பற்களுக்கு இதைவிட நல்ல ஓய்வு வேறு என்ன வேண்டும்? நள்ளிரவு வரை நொறுக்குத் தீனி உண்போருக்கு இப்பேறு வாய்ப்பதில்லை.

ஆனால் இப்பேற்றை நாம் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை. உண்டு முடித்து ஒருவாய் நீரால் கொப்பளித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். கொப்பளித்தால் உணவுத் துணுக்குகள் நீங்கும், படலம் நீங்காது. அப்படலமும், கடைவாய்ப் பற்களின் இடுக்கில் சிக்கிய சோறும் பன்னிரண்டு மணி நேரம் அங்கேயே தங்குகின்றன. உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கும். வாயைக் காக்கும் காவலன் அயர்ந்திருக்கும் நேரம் அது. முன்னோர் தந்த ஒழுக்கம் கதவை அடைத்தது. நாமோ கள்வனை உள்ளே வைத்துக் கதவை அடைத்தோம்.

கதிரவன் மறைந்தபின் நீரும் வாயில் படக்கூடாது என்று நோன்பு கொண்ட பெரியோர் பலர் நம்மிடையே உண்டு. இரவில் பல் துலக்கினால் நோன்பு பழுதுபடுமே என்று அவர்கள் தயங்குவது இயல்பு. அவர்கள் இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாலை உணவு முடிந்து, கதிரவன் மறையுமுன் துலக்கி முடித்துவிடலாம். அதன்பின் எதுவும் உண்ணாதிருப்பதால் பயன் முழுமையாகக் கிடைக்கும். இதற்கு வேண்டுவது உணவு நேரத்தைக் கால் மணி முன்னே நகர்த்துவது மட்டுமே. நகரங்களில் பணி செய்து இரவில் உண்ண நேரும் மக்களும் பேரப்பிள்ளைகளும் படுக்கைக்குச் செல்லுமுன் துலக்க வேண்டும். அதன்பின் பாலும் அருந்தலாகாது.

நம் உறவில் பெரியம்மா ஒருவர், "முனிவர்கள் பல் துலக்குவதே இல்லையே, நமக்கு மட்டும் ஏன் இரண்டு வேளை?" என்று கேட்டார். உண்மைதான். திகம்பர முனிவரின் 28 மூலகுணங்களில் பல் துலக்காமையும் ஒன்று. ஆயின் அவற்றுள் ஒருநாளைக்கு ஒருவேளை மட்டும் உண்ணுதலும் ஒன்று. கையையே கலமாகக் கொண்டு நின்றபடி உண்ணுதலும் ஒன்று. உடற்பற்றை விட்ட துறவியர்க்கு விதித்ததை, மூவேளை உணவும் இருவேளை காப்பியும் கொள்ளும் நாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாமா? "அப்படியானால் பெரியம்மா, மற்ற இருபத்தேழையும் மேற்கொள்ளுங்கள்" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே மறுநாள் துலக்கி வாங்கிவரச் சொன்னார்.

உயிர்க்கொலைக்கு அஞ்சுவோர்க்கும் ஒரு சொல். நீரை வடிகட்டிப் பருகுகிறோம்; எச்சிற் கலத்தை நெடுநேரம் போட்டு வைப்பதில்லை. உயிர்கள் பெருக இடங்கொடுத்துப் பின் அழிப்பதினும், பெருகாமற் காப்பதே இல்லறத்தார்க்குரிய விழிப்பு. வாயும் ஓர் உண்கலமே. அதை மட்டும் கழுவாது இரவெல்லாம் வைத்திருப்பது முறையன்று.

துலக்கியும் பற்பசையும்

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் முன்னோர் வாயைக் காத்தன. நுனியை நன்கு மென்று தூரிகை போலாக்கித் துலக்கினால் இன்றும் பயன் உண்டு. எனினும் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தைக் குச்சி எளிதில் எட்டுவதில்லை. அடுப்புக்கரி, செங்கற்பொடி, சாம்பல், உப்பு ஆகியவற்றால் அழுத்தித் தேய்ப்பதோ எனாமலையே தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடியும் பற்பசையும் இந்தியாவில் 1992-ல் தடை செய்யப்பட்டன. எவரேனும் எப்பெயரில் தந்தாலும் அவற்றைத் தொடலாகாது.

முற்காலத்துப் பல் துலக்கிகள் பன்றியின் மயிரால் செய்யப்பட்டன. அதனாலேயே நம் பாட்டனார் பலர் அவற்றைத் தீண்டவில்லை. 1938-ல் நைலான் இழைத் துலக்கி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நைலான் இழையால் ஆனவையே. மென்மையான இழையும் சிறிய தலையும் உடையதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறையோ, இழைகள் மடங்கிய உடனேயோ மாற்ற வேண்டும். ஒருவர் துலக்கியை மற்றவர் பயன்படுத்தலாகாது.

பற்பசையில் சேர்க்கும் கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படலாம். விலங்கின் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படலாம். சிலவற்றில் தேனும் சேர்க்கிறார்கள். உறையில் பச்சைக் குறி உள்ளதா என்று பார்த்து, சேர்மானப் பட்டியலையும் படித்து வாங்குவது நலம். ஃபுளோரைடு சேர்ந்த பசை எனாமலை வலுப்படுத்திச் சொத்தையைத் தடுக்கிறது. தருமபுரி போன்று குடிநீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை காணப்படுவதுண்டு. அங்குள்ளோர் நீரைச் சோதித்து, மருத்துவரின் அறிவுரைப்படி நடக்க வேண்டும்.

துலக்கும் முறை

1. ஈறும் பல்லும் சேரும் கோட்டில் துலக்கியைச் சாய்வாக வைக்கவும். அழுத்த வேண்டா, எழுதுகோலைப் பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானே குறையும்.

2. சிறுசிறு வட்டமாக அசைத்து, ஈற்றிலிருந்து பல்லின் நுனி நோக்கி வழிக்கவும். குறுக்கே அறுப்பதுபோல் இழுத்தால் பல்லின் கழுத்துத் தேய்ந்து, குளிர்ந்த நீர் பட்டாலே கூசும்.

3. வாயின் நான்கு பகுதிகளுக்கும் பகுதிக்கு அரை நிமிடமாக இரண்டு நிமிடம் துலக்கவும். மனத்துள் ஒன்று முதல் முப்பது வரை நிதானமாக எண்ணலாம். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என மூன்றையும் விடலாகாது.

4. பற்களின் இடுக்கைத் தூய்மை செய்யப் பல்லிடை நூலோ இடுக்குத் துலக்கியோ கொள்க. ஊக்கு, தீக்குச்சி, துடைப்பக் குச்சி ஆகாது.

5. நாவை மென்மையாக வழிக்கவும்.

6. நுரையை உமிழ்ந்தபின் பலமுறை கொப்பளிக்க வேண்டா. பசையின் மருந்து பல்லில் சிறிது தங்க வேண்டும்.

எலுமிச்சை, புளி போன்ற புளிப்புப் பொருள் உண்டவுடன் துலக்கலாகாது. அரை மணி நேரம் பொறுத்தால் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும்.

தாய்மார்களுக்கு

பால் பல் விழத்தானே போகிறது என்று கருதலாகாது. பின்வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதுவே. முதற்பல் முளைத்த நாள் தொட்டே துலக்கத் தொடங்க வேண்டும். மூன்று வயது வரை அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவும் பசை போதும். சர்க்கரை சேர்த்த பாலைப் புட்டியில் கொடுத்து அப்படியே உறங்க வைத்தால், மேல் முன்பற்கள் முதலில் சொத்தையாகும்.

ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னே ஒரு கடைவாய்ப் பல் ஓசையின்றி முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், பலர் அதனையும் பால் பல் என்றே எண்ணி விட்டுவிடுகின்றனர். அதுவோ வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய பல். பிள்ளை ஏழெட்டு வயது அடையும் வரை பெரியவர் ஒருவர் உடனிருந்து துலக்க உதவ வேண்டும்.

முதியோர்க்கு

நீரிழிவும் ஈற்று நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை கட்டுப்படாதவர்க்கு ஈறு விரைவில் கெடும். ஈறு கெட்டவர்க்குச் சர்க்கரை கட்டுப்படுவது அரிது. நமக்கு 55 வயதில் நீரிழிவு கண்டபோது கண்ணையும் காலையும் சோதித்துக் கொண்டோம், ஈற்றை மறந்தோம்.

காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்பது தவறான எண்ணம். முன்பே எலும்பை இழந்த பல்லைக் காரை பிடித்துக்கொண்டிருந்தது போலத் தோன்றியதே உண்மை. கிராம்பு வலியைச் சற்றுநேரம் மரக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது. பல்செட்டு அணிவோர் இரவில் அதனைக் கழற்றித் துலக்கி, நீரில் இட்டு வைக்க வேண்டும்.

வெற்றிலை பாக்கை நம் இல்லங்களில் குற்றமாக எண்ணுவதில்லை. ஆனால் புகையிலை இல்லாவிடினும் பாக்கே புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அறிவித்தது. வாயில் வெண்ணிறத் திட்டோ செந்நிறத் திட்டோ காணப்பட்டாலும், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும், வாய் திறப்பது சுருங்கினாலும் உடனே மருத்துவரைக் காண வேண்டும். செலவுக்கு அஞ்ச வேண்டா. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளது.

செயல்முறைப் பயிற்சி

செய்து கற்றதே நிலைக்கும். வீட்டு நாள்காட்டியில் ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் காலைக்கு ஒரு கோடும் மாலைக்கு ஒரு கோடும் இடுமாறு குழந்தைகளிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். பெரியோர் செய்தார்களா என்பதையும் அவர்களே பார்க்கட்டும். ஒரு மாதம் நிறைந்தபின் பின்வரும் வினாக்களைக் குடும்பமாக அமர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இரவுத் துலக்கல் காலைத் துலக்கலினும் முக்கியம் எனக் கூறக் காரணம் யாது?
2. ஈற்றில் குருதி கசிந்தால் செய்ய வேண்டுவது யாது? செய்யக் கூடாதது யாது?
3. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லைப் பலர் கவனியாது விடுவது ஏன்?
4. கதிரவன் மறைந்தபின் நீர் கொள்ளாத நோன்புடையார் எப்போது துலக்கலாம்?
5. காரை படிவதற்குமுன் அகற்றுவது எளிதா, படிந்தபின் அகற்றுவது எளிதா? விளக்குக.

இப்போது நாம் கட்டுப்பல் அணிந்திருக்கிறோம். தகரம் ஓரளவு திரும்பிவிட்டது. திருவிழா நாள்களில் மீண்டும் நூல் படிக்கிறோம். அன்று சிரித்த சிறுமி இன்று மேல்நிலைப் பள்ளியில் பயில்கிறாள். சென்ற விழாவில் நம்மோடு அமர்ந்து பாதி நூலை அவளே படித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் தம் பிறப்பிடத்தில் பிறந்து தெளிவாக ஒலித்தன. படித்து முடித்து எழுந்தவளிடம், "மாலையில் துலக்குகிறாயா?" என்று கேட்டோம். "தினமும் துலக்குகிறேன், டீச்சர். அம்மா விடமாட்டார்கள்" என்றாள். அவள் தாய் எங்கள் பழைய மாணவி. நாம் சொல்லிக் கொடுக்காத பாதியை அவர் தாமே கற்றுத் தம் மகளுக்குக் கற்பித்திருக்கிறார்.